ஏழுமலை செய்த கொலை

“அதெல்லாம் சரி. கடைசியில யாரு கொன்னது?”

பெண்ணின் தாய்மாமன் வரதன் இப்படிக் கேட்டதும் நான் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தேன். ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்திருந்தார். நான், எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டும் ஜோசப், எங்கள் இருவருக்கும் நடுவில் வெல்டர் ஏழுமலை. ஏழுமலைதான் மாப்பிள்ளை. சரியாகச் சொன்னால், முந்தின வாரம் வரை மாப்பிள்ளையாக இருந்தவன்.

உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. அது எங்களுக்காகக் கொதிக்கிறதா, எங்களை அனுப்பிவிட்டு அவர்கள் சாப்பிடக் கொதிக்கிறதா என்று இன்னும் முடிவாகவில்லை.

வரதன் கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொன்னால் ஏழுமலையின் கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும். பொய் சொல்லலாம் என்றால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொய் வராது. மற்ற விஷயங்களில் நன்றாகவே வரும் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

யார் செத்தது, எங்கே செத்தது, அதற்கும் ஒரு கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

அட்டைப்பெட்டியில் வந்த கொலைகள்

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. போன வருடம் நாற்று நட்ட இடத்தில் இந்த வருடம் கம்பி வேலியும் ஆலைச் சங்கும் வந்துவிடும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெரிய மெஷினை நிறுத்திக் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து சில மாதம் தங்கினார். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு புத்தகம் படிப்பார். ஊருக்குப் போகும்போது ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களை அப்படியே விட்டுப்போனார்.

கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் அதை வேர்க்கடலை மடிக்கக் கொடுக்க இருந்தார். ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்த நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன்.

பிரித்துப் பார்த்தால் அத்தனையும் கொலை. ஜப்பான், ஸ்வீடன், இத்தாலி, அர்ஜென்டினா என்று திசைக்கொன்றாக வந்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவை. எல்லாமே அந்தச் சமயத்தில் புதிதாக எழுதப்பட்டவை. அதுவரை நான் படித்த துப்பறியும் கதைகளில் கொலை மாளிகையில்தான் நடக்கும், செத்தவர் ஜமீன்தாராக இருப்பார். இவற்றில் கொலை வாடகை வீட்டில் நடந்தது. செத்தவன் என்னைப்போல ஒரு கிளார்க். துப்பறிகிறவருக்கோ முதுகுவலி, மேலதிகாரியிடம் ஏச்சு, கேட்ட நாளில் லீவு கிடைக்காத கடுப்பு. இவரல்லவா மனுஷன் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள அந்த நாட்டுக் கொலைக்கதையைப் படித்தால் போதும் என்று இன்றைக்கும் வாதாடுவேன். சரித்திரப் புத்தகம் ராஜா எந்த ஊரைப் பிடித்தார் என்று சொல்லும். பக்கத்து வீட்டுக்காரி அன்று என்ன சமைத்தாள், யாரோடு சண்டை போட்டாள், குழாயில் தண்ணீர் வந்ததா என்பதெல்லாம் கொலைக்கதையில்தான் இருக்கும். போலீஸ்காரர் விசாரிப்பார் அல்லவா, எழுதித்தானே ஆகவேண்டும்.

கொலைக்கதை படித்தால் மனசு கெட்டுவிடும் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து மனசு கெட்டவர்கள் யாரும் புத்தகமே படித்ததில்லை.

பெயர் கொடுத்தவர்கள்

நான் மீஞ்சூரில் ரயில் ஏறுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் இன்ஜினின் கரித்தூள் பக்கத்துக்குப் பக்கம் உதிரும். ஊதிவிட்டுத்தான் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். பொன்னேரியில் ஜோசப்பும் ஏழுமலையும் ஏறுவார்கள். கூடவே பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும் மீன்காரப் பெண்கள் இறால் கூடைகளோடு ஏறுவார்கள். கும்மிடிப்பூண்டியில் இறாலை விற்றுவிட்டு மாலையில் காலிக் கூடையோடு அதே ரயிலில் எங்களோடு திரும்புவார்கள்.

“இன்னாண்ணா, தனியா சிரிச்சிக்கினு கீறே? எங்களுக்கும் சொல்லேன்,” என்று ஒருநாள் ஜோசப் கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன். முதலில் சங்கடமாகத்தான் போயிற்று. ஸ்வீடன்காரர் பெயர் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். செத்தவர் யார், அவர் மைத்துனர் யார் என்று கேட்பவர்களுக்குக் குழம்பிப்போகும்.

“இந்தப் பேரெல்லாம் வாணாம்ணா. எங்க பேர வெச்சி சொல்லு,” என்றான் ஜோசப்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. புதுப் புத்தகம் ஆரம்பிக்கும் நாளில் முதல் வேலை, யார் எந்தப் பாத்திரத்துக்குப் பெயர் கொடுப்பது என்று முடிவு செய்வது. இன்ஸ்பெக்டர் எப்போதும் ஜோசப்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. மீன்காரக் கன்னியம்மா பணக்கார விதவை வந்தால் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். “மெய்யாலும் வர்றப்ப வரட்டும். கதையிலயாவது சோபாவுல குந்திக்கிறேன்,” என்றாள்.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், சந்தேகப்பட வேண்டிய ஆளுக்குப் பெயர் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஒருவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். இன்னொருவர் கோயிலுக்கு மாலை போட்டிருந்தார். வேறொருவர், வீட்டில் தெரிந்தால் சோறு கிடைக்காது என்றார். கதை நின்றேபோய்விடும் போலிருந்தது.

அப்போது ஏழுமலை, “இதுக்கேன் பேஜாரு? எம் பேர வெச்சிக்கோண்ணா. எனக்கின்னா பொண்டாட்டியா, புள்ளையா?” என்றான்.

அதற்குப் பிறகு உலகத்துச் சந்தேகமெல்லாம் அவன் ஒருவன் தலையில் விழுந்தது. ஒசாகாவில் பாங்கைக் கொள்ளையடித்தது ஏழுமலை. ரோமாபுரியில் மாமனாருக்கு விஷம் வைத்தது ஏழுமலை. சில கதைகளில் அவன் பாவம், ஒன்றும் அறியாதவன் என்று கடைசியில் தெரிந்து விடுதலையும் ஆனான். நேரில் பார்த்தால், கூடைக்காரப் பெண்களுக்கு இடம் விட்டுவிட்டுக் கதவோரம் நின்றபடியே வரும் ஆள் அவன்.

கேட்டவர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. ஜப்பான் கதையில் போலீஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுச் செத்த வீட்டுக்குள் போனார் என்று சொன்னதும், “நல்ல குடும்பத்துப் பையன்,” என்று கன்னியம்மா சான்றிதழ் கொடுத்தாள். அர்ஜென்டினா கதையில் போலீஸே கொலைக்கு உடந்தை என்று நான் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. “அப்புறம்?” என்றார்கள்.

பனியை விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. மீனுக்குப் போட ஐஸ் உடைக்கிறார்களே, அந்தத் தூள் ஊர் முழுக்க முழங்கால் அளவுக்குக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “அவ்ளோ ஐஸு கீது, மீன் ஏன் கெட்டுப்போவப் போவுது,” என்று அந்த நாட்டின் மேல் அவர்களுக்கு மரியாதை வந்துவிட்டது.

பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன். முடிவை மட்டும் மாற்ற மாட்டேன். ஓர் இத்தாலிக் கதையில் கொலைகாரன் தப்பித்துப் போய்விட்டான். “நான் இன்ஸ்பெக்டரா இர்ந்துகினு அவன எப்டி உட்ருவேன்?” என்று ஜோசப் கோபித்துக்கொண்டு வேறு பெட்டியில் போய் ஏறினான். அப்போதும் நான் மாற்றவில்லை. எங்கோ ஒரு மனிதர் மெனக்கெட்டு யோசித்து எழுதிய முடிவு அது. அதைத் திருத்த நான் யார்? இதில் நான் பிடிவாதக்காரன்தான்.

கவரைப்பேட்டையில் இறங்கியவர்

ஏழுமலைக்கு முன்பே இரண்டு இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. வெல்டிங் பொறி தெறித்து இடது கன்னத்தில் கண் ஓரம் வரைக்கும் ஒரு தழும்பு. இரண்டு வீட்டிலும் அதைச் சொல்லாமல் ஜாதகத்தைச் சொன்னார்கள். அவனும் ஜாதகம் சரியில்லை என்றே எங்களிடம் சொன்னான்.

மூன்றாவதாகப் பார்த்தது ஆரம்பாக்கத்தில் தாய்மாமன் வீட்டில் இருந்த தேவகியை. பார்த்துவிட்டு வந்த மறுநாள் ரயிலில் அவன் கதைகூடச் சரியாகக் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது மெதுவாகச் சொன்னான்.

“அந்தப் பொண்ணு எம் மூஞ்ச நேரா பாத்திச்சுண்ணா. திருப்பிக்கல.”

அவ்வளவுதான் சொன்னான். அடுத்த நாளிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.

பெண் பார்த்த பிறகு, வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால், பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளையைப் பற்றி வெளியே விசாரிக்க வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். சிலர் டீக்கடையில் விசாரிப்பார்கள். வரதனின் முறை வேறு. கேட்டால் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள், கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உண்மை தானாக வரும் என்பது அவர் கட்சி. மாப்பிள்ளையோடு வேலை செய்கிறவர்கள் எந்த ரயிலில், எந்தப் பெட்டியில் போவார்கள் என்று தரகரிடம் தெரிந்துகொண்டு, ஆரம்பாக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அவர் முகம் தெரியாது. அந்த வாரம் ஏழுமலைக்கு இரண்டாம் ஷிப்ட், எங்களோடு திரும்பவில்லை.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது பனி விழும் நாட்டுக் கதை. ஏரிக்கரையில் படகுப் பட்டறை வைத்திருப்பவனின் மனைவி காணாமல் போய்விடுகிறாள். நான் ஏரியைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்து, படகுப் பட்டறையை வெல்டிங் பட்டறையாக்கி ஏழுமலைக்குக் கொடுத்திருந்தேன். அன்று ஓர் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ரயில் வெகுநேரம் நின்றது. எதிர் சீட்டில் மஞ்சள் பையோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“வெல்டர் ஏழுமலை இன்னா பண்றான்? பொண்டாட்டி அம்மா ஊட்டுக்குப் போய்க்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான். அங்க அவ போவவே இல்ல. படகுல ரெண்டு பேரா போனத ஒருத்தரு பாத்துக்கிறாரு. திரும்பி வந்தது அவன் ஒருத்தன்தான்.”

“எனக்கு அப்பவே அவன் மேல டவுட்டு,” என்றான் ஜோசப். “இந்தக் கேச நான் உடப் போறதில்ல.”

கன்னியம்மா கூடையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “பாத்தா சாது மாரி கீறான். போன மாசம் இவந்தானே மாமனாருக்கு வெசம் வெச்சான்?”

எதிர் சீட்டுக்காரரின் கண்கள் திறந்தன. கவரைப்பேட்டை வந்ததும் பையைக்கூட மறந்துவிட்டு இறங்கப் போனார். நான்தான் கூப்பிட்டுப் பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கேஸ் விசாரணையில் இருக்கிறது

இரண்டொரு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தரகர் தொழிற்சாலை வாசலுக்கு வந்து என்னையும் ஜோசப்பையும் வெளியே கூப்பிட்டார். மனுஷனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

“இன்னாங்க இது? உங்க ஆளுக்கு ஏற்கெனவே கண்ணாலம் ஆயி, அந்தப் பொண்ண பழவேற்காட்டு ஏரியில தள்ளிட்டானாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. மாமனாரு கேசு வேற ஒண்ணு கீதாம்.”

ஜோசப் சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டு, “கேச யாரு விசாரிக்கறாங்களாம்?” என்று கேட்டான்.

“யாரோ இன்ஸ்பெக்டர் ஜோசப்பாம்.”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

ஏழுமலையிடம் சொன்னபோது அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “உடுண்ணா. ஜாதகம் செரியில்லன்னு நெனச்சிக்கிறேன்,” என்றான். மறுநாள் இஸ்திரி போடாத சட்டையில் வந்தான். அதைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு ஆரம்பாக்கம் போவது என்று ஜோசப்பும் நானும் முடிவு செய்தோம். சாட்சிக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

போகிற வழியில் ஏழுமலை ஜன்னலைப் பார்த்தபடி, “நான் இல்லாத வாரத்துல கதை இன்னாண்ணா ஆச்சி?” என்று கேட்டான். சொல்லி முடித்தேன்.

“நாந்தானா?” என்றான்.

“நீதான்.”

ஜோசப் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். “அண்ணா, அந்தாளு முடிவு இன்னான்னு கேட்டா, வேற எவனையாவது சொல்லிடு. பட்டறையில வேல செஞ்சவன் கொன்னான்னு சொல்லு. கதையே பொய்தானே, அதுல இன்னொரு பொய் சொன்னா இன்னா?”

முடியாது என்றேன். பிறகு ஏழுமலையின் கசங்கின சட்டையைப் பார்த்துவிட்டு, சரி, சொல்கிறேன் என்றேன்.

ஆரம்பாக்கத்தில் தீர்ப்பு

வரதன் எங்களை வாசலில் நிறுத்தி வைக்காமல் உள்ளே கூப்பிட்டதே பெரிய விஷயம். நான் எல்லாவற்றையும் விளக்கிப் புத்தகத்தை நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஏழுமலை எங்க கீறாரு?”

“அந்த நாட்டுல அவனுக்குப் பேரு வேறங்க.”

புத்தகம் சமையலறைக்குள் போயிற்று. தேவகி பள்ளி இறுதி வரை படித்தவள். உள்ளே பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், “நம்ம பேரு ஒண்ணும் இதுல இல்ல மாமா. கதப் புக்குதான்,” என்று குரல் வந்தது.

வரதன் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. “செரி நைனா, கதன்னே வெச்சிக்கலாம். ரயிலு பொட்டியில அத்தினி பேரு கீறீங்க. அந்த ஆளுக்கு இவரு பேர ஏன் வெச்சீங்க? மனசுல ஒண்ணு இல்லாம வாயில வராது.”

சந்தேகப்படும் ஆளுக்குப் பெயர் கொடுக்க யாரும் முன்வராததையும், ஏழுமலை தானாகக் கொடுத்ததையும் சொன்னேன். எனக்கென்ன பொண்டாட்டியா பிள்ளையா என்று அவன் கேட்டதையும் சொன்னேன். உள்ளே பக்கம் புரட்டும் சத்தம் நின்றது. வரதன் வெகுநேரம் ஏழுமலையின் முகத்தையே பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அதெல்லாம் சரி. கடைசியில யாரு கொன்னது?”

நீதிபதியாகக் கேட்கிறாரா, கவரைப்பேட்டையில் பாதிக் கதையோடு இறங்கிப் போன மனுஷனாகக் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. ஜோசப் என் தொடையைக் கிள்ளினான். “பட்டறையில…” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. “பட்டறையில வேல செஞ்ச…” என்று மறுபடியும் ஆரம்பித்து இருமினேன்.

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். பிறகு வரதனைப் பார்த்து, மரியாதையாக, சம்பளச் சீட்டு வாங்குகிற குரலில் சொன்னான்.

“நாந்தாங்க கொன்னேன். இவருக்கு இதுல பொய் வராது. உடுங்க.”

ஜோசப் தலையில் கை வைத்துக்கொண்டான். சமையலறையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்ப்பதும், அடக்க முடியாமல் பாத்திரம் ஒன்று கை நழுவி விழுவதும் கேட்டது. அதற்குப் பிறகு தேவகி வாய்விட்டே சிரித்தாள்.

“மாமா,” என்றாள் உள்ளேயிருந்து. “கொன்னாரு, செரி. எப்டி மாட்னாருன்னு கேளு.”

வரதன் மீசையைத் தடவிக்கொண்டார். உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார். எனக்கு உயிர் வந்துவிட்டது. எப்படி மாட்டினான் என்பதுதான் அந்தக் கதையிலேயே அருமையான இடம். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயைத் திறந்தேன். வரதன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“நீங்க இருங்க,” என்றார். “மாப்ள சொல்லட்டும்.”